தோற்றாலும் வருகிற ரசிகரை எப்படித் தக்கவைப்பது? புதியவரை எப்படி வரவழைப்பது?

பதிவிட்டவர்: வாயிற்காவலன்

அனைவருக்கும் வணக்கம். கீழ்நிலை லீக் ஒன்றில் ஆடும் சிறிய கால்பந்து கிளப்பில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ஆட்ட நாளில் டிக்கெட்டைச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் வேலைதான் பெரும்பாலும் எனக்கு வாய்க்கிறது. அதனால் யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களைவிட எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே கண்ணில் பட்டுவிடுகிறது. கடந்த மூன்று சீசன்களாகக் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரே நாளில் குறைந்திருந்தால் எல்லோரும் பதறியிருப்பார்கள். வாரத்துக்குச் சில பேர் என்று கரைந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் நான்கு வாயில்களைத் திறந்து வைத்தும் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வெளியே வரிசை நிற்கும். இப்போது இரண்டு வாயில்களே போதுமானவையாக இருக்கின்றன, அவற்றிலும் ஒன்றில் நான் கைகட்டி நிற்கிறேன்.

இது குறித்துப் பேசப் போன மாதம் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. அணி வெற்றி பெற்றால் மக்கள் தாமாக வருவார்கள், அதனால் இருக்கிற பணத்தையெல்லாம் முன்கள ஆட்டக்காரர் ஒருவரை வாங்கச் செலவிட வேண்டும் என்பது தலைவரின் நிலைப்பாடு. விளம்பரத்தைக் கவனிப்பவர்கள் இலவச டிக்கெட், பெரிய திரை, இடைவேளையில் இசை நிகழ்ச்சி என்று ஒரு பட்டியலோடு வந்திருந்தார்கள். மூன்றாவது தரப்பு, தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கும்வரை நாம் என்ன செய்தாலும் பயனில்லை என்று கையை விரித்துவிட்டது. மூன்றில் எதையும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

என் வாயில் வழியாகவே எப்போதும் வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சீசன் டிக்கெட்டை (ஒரு சீசன் முழுவதற்குமானது) சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிடுவார், "இன்றைக்குக் கோல் கீப்பர் யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். போன சீசனின் நடுவில் அவர் வரவில்லை. தொடர்ச்சியான தோல்விகளால் வெறுத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன். சில வாரங்களுக்கு முன் தற்செயலாக அவரைச் சந்தித்தபோது கேட்டேன். பல ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்த நண்பர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்றும், அதே சமயத்தில் வீட்டு விசேஷத்தால் தாம் இரண்டு ஆட்டங்களைத் தவறவிட நேர்ந்தது என்றும், மூன்றாவது ஆட்டத்துக்குத் தனியாகப் போவதற்கு ஏனோ மனம் வரவில்லை என்றும் சொன்னார். தோல்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கிளப்பிலிருந்து யாரேனும் விசாரித்தார்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

என் கேள்வி இதுதான்: கைவசம் இருக்கும் சிறிய நிதியையும் சில தன்னார்வலர்களையும் வைத்துக்கொண்டு, இருப்பவரைத் தக்கவைப்பதில் கவனம் செலுத்துவதா, புதியவரை வரவழைப்பதில் இறங்குவதா? இலவச டிக்கெட் உண்மையில் பயன் தருமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வெறுங்கையோடு போய் உட்கார வேண்டியிருக்காது.

மறுமொழி: பழைய பதிவேடு

நண்பர் வாயிற்காவலன் அவர்களுக்கு வணக்கம். ஒரு கிளப்பின் உறுப்பினர் பதிவேட்டையும் சீசன் டிக்கெட் புதுப்பிப்பையும் நீண்ட காலம் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெரியவர் உங்கள் கேள்விக்கான விடையில் பாதியைத் தாமே சொல்லிவிட்டார் என்பேன்.

முதலில் உங்கள் தலைவரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். வெற்றி கூட்டத்தைக் கூட்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தோல்வி மட்டுமே கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பது அதிலிருந்து தானாகப் பெறப்படும் முடிவல்ல. மான்செஸ்டர் சிட்டி 1998-99 சீசனில் இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீகுக்கு இறங்கியிருந்தபோதும் அதன் சொந்த மைதானத்தில் சராசரியாக 28,000 பேர் கூடினார்கள். சண்டர்லாந்து 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்துத் தரமிறங்கி மூன்றாம் நிலையில் போய் விழுந்தது. 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டு சிட்டிக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். இவை பெரிய ஊர்களின் பெரிய கிளப்புகள், உங்கள் கிளப்போடு எண்ணிக்கையில் ஒப்பிட முடியாதவை என்பது உண்மைதான். ஆயினும் அட்டவணையில் எந்த இடம் என்பதைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று மனிதர்களை அந்த இருக்கைக்குத் திரும்பத் திரும்ப அழைத்துவருகிறது என்பதை அவை காட்டுகின்றன.

வெற்றியை நம்பி வரும் கூட்டத்தின் இயல்பைப் பற்றி ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. அது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. விளையாட்டும் அங்கே ஆடப்படும் வேறு வகைக் கால்பந்து. தங்கள் அணி வென்ற வார இறுதியை அடுத்து வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளைக் கூடுதலாக அணிந்துவந்தார்கள். வெற்றியைச் சொல்லும்போது "நாங்கள் வென்றோம்" என்றும், தோல்வியைச் சொல்லும்போது "அவர்கள் தோற்றார்கள்" என்றும் பேசும் போக்கும் அவர்களிடம் காணப்பட்டது. புதிய முன்கள ஆட்டக்காரர் உங்களுக்குக் கொண்டுவந்து தரக்கூடிய கூட்டம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. அவர் காலில் அடிபட்டுப் படுத்தால் அந்தக் கூட்டமும் படுத்துவிடும்.

மைதானத்துக்கு வருவது பழக்கம். பழக்கம் என்றால் அதைச் சுற்றி ஒரு நாள் முழுவதும் ஒழுங்கமைந்திருக்கிறது: எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாரோடு போவது, வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வாயில், எந்த வரிசை, இடைவேளையில் யாரோடு பேசுவது. இந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்தால் மற்றவை கொஞ்ச நாள் தாங்கும். இரண்டு அறுந்தால் அந்த நாள் வேறு எதற்கோ போய்விடுகிறது, பிறகு அதை மீட்பது கடினம். இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். நுழைவாயிலில் மின்னணு முறை வந்த பிறகு, சீசன் டிக்கெட் வாங்கியும் வராதவர்களின் பட்டியல் எங்களிடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேரத் தொடங்கியது. டிக்கெட் விற்ற எண்ணிக்கையையே வருகை எண்ணிக்கையாக அறிவிக்கும் வழக்கம் பல கிளப்புகளில் இருப்பதால், அந்தப் பட்டியலை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பணம் வந்துவிட்டது, ஆள் வந்தாரா என்பது யாருக்கு வேண்டும்? நான் அதை அச்செடுத்து, தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்கு வராதவரின் பெயருக்கு எதிரே நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். சீசன் முடிந்து புதுப்பிக்கும் காலம் வந்தபோது, புதுப்பிக்காதவர்களில் பெரும்பாலானோரின் பெயருக்கு எதிரே அந்தக் கோடு ஏற்கெனவே இருந்தது. அதாவது அவர்கள் கோடைக்கால இடைவெளியில் யோசித்து விலகவில்லை, பல மாதங்களுக்கு முன்பே விலகிவிட்டார்கள். நாங்கள்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டோம்.

அடுத்த சீசனிலிருந்து அந்தக் கோடு விழுந்த வாரமே தொலைபேசியில் அழைத்துப் பேசத் தொடங்கினோம். ஆட்டத்தின் தரம் பற்றிக் குறை சொன்னவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வேலை நேரம் மாறியவர், குழந்தை பிறந்தவர், முழங்கால் வலியால் மேல்வரிசைப் படிகளில் ஏற முடியாதவர் என்று காரணங்கள் வெகு சாதாரணமாக இருந்தன. முழங்கால் வலிக்காரருக்குக் கீழ்வரிசையில் இடம் மாற்றித்தர எங்களுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறையும் நாங்கள் செய்திருக்கிறோம். ஒரு முறை விளம்பரதாரர் ஒருவர் தம் விருந்தினருக்காக நடுக்கோட்டுக்கு நேரே உள்ள பகுதியைக் கேட்டார் என்பதற்காக, அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அமர்ந்திருந்த ஒரு கூட்டத்தைப் பிரித்து, இதைவிட நல்ல இருக்கைகள் என்று சொல்லி நான்கு திசைகளில் போட்டோம். இருக்கைகள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தன. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் புதுப்பிக்கவில்லை. விருந்தினர் பகுதியோ பெரும்பாலான ஆட்டங்களில் காலியாகக் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது.

எனவே, தக்கவைப்பதா, வரவழைப்பதா என்ற கேள்விக்கு என் விடை: முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

மறுமொழி: தெற்கு மேடை

பழைய பதிவேடு ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பிரச்சினையை முழுக்க முழுக்க நலம் விசாரிக்கும் விஷயமாகச் சுருக்கிவிட்டால், கிளப் நிர்வாகங்கள் மிக எளிதாகத் தப்பித்துக்கொள்ளும் என்று அஞ்சுகிறேன். கோல் கம்பத்தின் பின்னால் நின்று பாடுகிற பகுதியைச் சேர்ந்தவன் நான். எங்களை விரட்டுபவை இரண்டு: டிக்கெட் விலையும் ஆட்ட நேரமும்.

2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அடுத்த சீசனில் மிக உயர்ந்த டிக்கெட்டை 77 பவுண்டாக்குவதாகக் கிளப் அறிவித்திருந்ததுதான் அந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உயர்ந்த விலையை 59 பவுண்டிலேயே நிறுத்திவைத்தார்கள். வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பைப் பிரிமியர் லீக் 2016-17 சீசனில் கொண்டுவந்ததும் ரசிகர் அமைப்புகள் நீண்ட நாள் போராடியதன் விளைவுதான். வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும் அணியை விட்டுவிட்டு மனிதர்கள் எழுந்துபோனார்கள் என்பதைத் தலைவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுபுறத்துக்குப் பிராட்ஃபோர்டு சிட்டி நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிளப் 2015-16 சீசன் முழுவதற்குமான டிக்கெட்டை 149 பவுண்டுக்குக் கொடுத்தது. சராசரிக் கூட்டம் 18,000-ஐ ஒட்டி உயர்ந்தது. காலி இருக்கை யாருக்கும் எதையும் சம்பாதித்துத் தருவதில்லை. நிரம்பிய மைதானமோ விளம்பரதாரரிடம் பேரம் பேசவும் உதவுகிறது, எதிரணியின் கோல் கீப்பரைத் தடுமாற வைக்கவும் உதவுகிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கையில் வருவது சிறிய கிளப்புக்குக் கூடுதல் நிம்மதி.

ஆட்ட நேரத்தைப் பொறுத்தவரை, தொலைக்காட்சிக்காக நாளையும் நேரத்தையும் மாற்றும்போது முதலில் அறுபடுவது ஐயா சொன்ன அந்தப் பழக்கம்தான். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் 2017-18 சீசனில் திங்கட்கிழமை ஆட்டங்களைக் கொண்டுவந்தார்கள். சீசனுக்கு ஐந்தே ஆட்டங்கள். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் எப்படி வெளியூர் போய்த் திரும்புவது என்று எழுந்த எதிர்ப்பு ஓயவே இல்லை. கடைசியில் 2021-22 முதல் அந்த ஆட்டங்களை விலக்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்புக்குத் தடை இருப்பதும், சிறிய கிளப்புகளின் மைதானக் கூட்டத்தைக் காப்பதற்காக 1960-களில் செய்த ஏற்பாடுதான். தொலைக்காட்சி இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தவர்களுக்கு இதைக் காட்டுங்கள். பெரிய ஆட்டங்கள் ஒளிபரப்பாகும் நேரத்தோடு மோதாமல் உங்கள் ஆட்ட நேரத்தை வைத்துக்கொள்ள லீகிடம் கேட்டுப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், வைத்த நேரத்தைச் சீசன் முழுவதும் மாற்றாமல் இருப்பது.

மைதானத்தில் கிடைத்து, வீட்டில் கிடைக்காதது என்ன என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது ஒலிதான். கொரோனா காலத்தில், 2020 மே 16 அன்று புண்டஸ்லிகா வெற்று மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, பந்தை உதைக்கும் சத்தமும் பயிற்சியாளரின் கூச்சலும் மட்டும் கேட்ட அந்த ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டமில்லாத அந்த மாதங்களில் சொந்த மைதானத்தில் ஆடுவதன் அனுகூலம் குறைந்துபோனதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கூட்டம் அலங்காரப் பொருள் அல்ல, ஆட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. அப்படியிருக்க, பாடுகிறவர்களைப் பல கிளப்புகள் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கின்றன. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப் மைதானத்தின் தெற்கு மேடையில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். நிற்கும் பகுதியின் குறைந்த விலைதான் கையில் பணமில்லாத இளைஞர்களை உள்ளே கொண்டுவருகிறது. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த கூட்ட நெரிசல் கொடுமையில் 97 உயிர்கள் போயின. அதையடுத்து இங்கிலாந்தின் உயர்நிலை மைதானங்கள் முழுவதும் இருக்கைமயமாயின. பாதுகாப்புக்காகச் செய்ததைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அதே காலத்தில் விலையும் ஏறியதால் ஒரு தலைமுறை இளைஞர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். தடுப்புக் கம்பிகள் பொருத்திய நிற்கும் பகுதிகளை 2022 ஜனவரியில்தான் சில மைதானங்களில் சோதனை முறையில் மீண்டும் அனுமதித்தார்கள்.

உங்கள் விளம்பரக் குழுவின் பெரிய திரையையும் இசை நிகழ்ச்சியையும் பற்றி ஒரே வேண்டுகோள்: ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்கள் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். நாங்கள் முதல் பாட்டை எடுக்கிற நேரம் அது. எங்கள் மைதானத்தில் சரியாக அந்த நேரத்தில்தான் டயர் விளம்பரம் ஒன்று காதைப் பிளக்கிறது. எத்தனை முறை எழுதிக் கொடுத்தும் கேட்பாரில்லை.

மறுமொழி: இரண்டாம் பாதி

மேலே எழுதிய இருவரும் நீண்டகால ரசிகர்கள் என்பதால், முதல் முறையாக வருகிறவரின் பார்வை இங்கே விடுபட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு கிளப்பின் ஆட்டத்துக்கு முதல் தடவை போனேன். எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்பது டிக்கெட்டில் ஓர் எழுத்தாகவும் சுவரில் ஓர் எண்ணாகவும் இருந்தது. கைப்பையை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்பதை வரிசையின் முனையை அடைந்த பிறகுதான் சொன்னார்கள். அதைக் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டு, "அம்மா, என்ன ஆச்சு?" என்று என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் நினைவிருக்கிறது. பெண்களுக்கான கழிப்பறையோ மைதானத்தின் மறுகோடியில் ஒன்றே ஒன்று இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நாங்கள் ஏன் மறுபடி போனோம் என்றால், பக்கத்தில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்மணி ஒருவர், எந்த ஆட்டக்காரரை எதற்காகக் கவனிக்க வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். "அந்த இடதுபுறத் தடுப்பாட்டக்காரனைப் பார், பந்து வருவதற்கு முன்பே எங்கே போய் நிற்கிறான் என்று பார்" என்றார். இப்போது அவள் தொலைக்காட்சியில் பார்க்கும்போதுகூடப் பந்து இல்லாத இடத்தில் யார் ஓடுகிறார்கள் என்றுதான் தேடுகிறாள். இதைச் செய்ய எந்தக் கிளப்பும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. நீங்கள் தேடுகிற விளம்பரக் குழு ஏற்கெனவே உங்கள் இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் தடவை டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, எந்த வாயில், எதைக் கொண்டுவரலாம், கழிப்பறை எங்கே என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்கு ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. உங்கள் கிளப்புக்குப் பெண்கள் அணி இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 22 அன்று பார்சிலோனாவின் பெண்கள் அணி ஆடிய ஆட்டத்தைக் காண 91,648 பேர் கூடியது உலகச் செய்தியானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஆர்சனல் தன் பெண்கள் அணிக்கு 2024-25 சீசனிலிருந்து ஆண்கள் அணி ஆடும் எமிரேட்ஸ் மைதானத்தையே முதன்மை மைதானமாக்கியது. திருவிழாவுக்கு வந்த கூட்டம் அடுத்த சாதாரண ஆட்டத்துக்கும் வர வேண்டுமானால், எங்கே, எப்போது போக வேண்டும் என்பது அதற்கு மாறாமல் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி: வாயிற்காவலன்

மூவருக்கும் மிக்க நன்றி. டயர் விளம்பரம் எங்களிடம் இல்லை, ஆனால் அதே நேரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரம் ஓடுகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். எங்கள் வாயிலில் மின்னணுக் கருவி கிடையாது. கிழித்த டிக்கெட்டின் அடிப்பகுதிகளை ஒரு பெட்டியில் போட்டு, ஆட்டம் முடிந்ததும் குப்பைக்கு அனுப்புகிறோம். சீசன் டிக்கெட்டுக்காரர்களைக் கண்ணால் பார்த்து அனுப்பிவிடுவதால் பதிவு என்று எதுவுமே இல்லை. ஐயா சொன்ன நீலக் கோட்டை நாங்கள் எப்படிப் போடுவது?

இன்னொன்று. இலவச டிக்கெட் பற்றி யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. பள்ளிகளுக்கு மொத்தமாக வழங்கிவிடலாம் என்று விளம்பரக் குழு ஏறக்குறைய முடிவே செய்துவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர் பக்கத்தில் இலவசமாக வந்தவரை உட்கார வைத்தால், பணம் கொடுத்தவர் என்ன நினைப்பார் என்பதுதான் என் கவலை.

மறுமொழி: பழைய பதிவேடு

உங்கள் கவலை நியாயமானது. இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருப்பதால் பிரித்துப் பேச வேண்டும். ஜெர்மனியில் ஃபோர்ட்டூனா டுசல்டார்ஃப் கிளப், விளம்பரதாரர்களின் பணத்தைக் கொண்டு சில சொந்த மைதான ஆட்டங்களை அனைவருக்கும் இலவசமாக்கும் திட்டத்தை 2023-இல் தொடங்கியது. முதல் ஆட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று கைசர்ஸ்லாட்டர்ன் அணியோடு நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 0-3 என்று பின்தங்கிய அணி 4-3 என்று வென்றதைக் கண்டார்கள். முதல் முறை வந்தவருக்கு இதைவிட நல்ல அறிமுகம் அமையாது, ஆனால் அதை எந்தக் கிளப்பும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியாது. அந்தத் திட்டத்தில் நான் கவனிக்கச் சொல்வது வேறு: டிக்கெட்டின் விலையை வேறொருவர் ஏற்றுக்கொண்டார், பெற்றவர் பெயர் கொடுத்து விண்ணப்பித்தார், அது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மூட்டை மூட்டையாக அச்சடித்துப் பள்ளி வாசலில் கொடுப்பது அந்த வகையில் சேராது. அப்படிக் கொடுத்த டிக்கெட்டுகளில் பெரும்பகுதி மேசை இழுப்பறையிலேயே தங்கிப்போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வந்தவர்கள் யார் என்றும் தெரியாததால் அவர்களைத் திரும்ப அழைக்கவும் வழி இருக்கவில்லை.

நாங்கள் பிற்பாடு செய்தது இதுதான். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு துணை டிக்கெட்டுகள் கொடுத்தோம். யாரை அழைத்துவருகிறாரோ அவருடைய பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதிக் கொடுத்தால்தான் அது செல்லும். பணம் கொடுத்தவருக்கு வருத்தம் எழவில்லை, ஏனெனில் வழங்குகிறவரே அவர்தான். புதியவருக்கும் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் பாதி அவர்கள் குறிப்பிட்ட அந்தப் பெண்மணியின் வேலையை அவர் செய்தார். பள்ளிக் குழந்தைகளை அழைக்க வேண்டுமென்றால், ஒரு பள்ளியின் ஒரு வகுப்பை ஓர் ஆட்டத்துக்கு அழையுங்கள். உடன் வரும் பெற்றோருக்கு அடுத்த ஆட்டத்துக்குப் பாதி விலையில் டிக்கெட் கொடுங்கள். முதல் ஆட்டம் முழு இலவசமாக இருக்கலாம், இரண்டாவதற்குச் சிறிதேனும் பணம் வாங்கிவிடுங்கள். எதுவும் கொடுக்காமல் கிடைத்ததை மழை தூறினால் விட்டுவிடுகிறோம், பத்து நாணயம் கொடுத்ததற்குக் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

தெற்கு மேடை அவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையும் நேரமும் முக்கியம் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. விலை ஏற்றத்தால் விலகியவரை எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரசிகர்களைப் பிரச்சினையாகப் பார்க்காமல் கூட்டாளிகளாகப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கிளப்பைச் சொல்லலாம். 2008-09-இல் அவர்களுடைய மைதானத்தைப் புதுப்பிக்க 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஏறத்தாழ 140,000 மணி நேரம் கூலியில்லாமல் உழைத்தார்கள். தான் சிமெண்ட் பூசிய படிக்கட்டில் நிற்கும் ஒருவர் அவ்வளவு எளிதில் வராமல் இருந்துவிடுவாரா? வாயிற்காவலன் கிளப்பில் சுவருக்கு வண்ணம் அடிக்கிற வேலையேனும் இருக்குமே.

நீலக் கோட்டுக்கு மின்னணுக் கருவி தேவையில்லை. சீசன் டிக்கெட்டுக்காரர்களின் பெயர்களை வரிசை வாரியாக ஒரு தாளில் எழுதி, திறந்திருக்கும் ஒவ்வொரு வாயிலுக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள். எந்த வாயிலில் வந்தாலும் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. உங்கள் அளவுக்கு அது போதும். அழைப்பதை அலுவலகத்துக்கு விடாதீர்கள். அங்கிருந்து அழைத்தால் புதுப்பிக்கும் பணத்தைக் கேட்கத்தான் அழைக்கிறார்கள் என்று எடுக்க மாட்டார்கள். அதே வரிசையில் அமர்கிற ஒருவர், அல்லது வாயிலில் அவருடைய முகத்தை அறிந்த நீங்கள் அழைப்பது நல்லது. டிக்கெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் அழைப்பை அந்தப் பெரியவருக்கே செய்துவிடுங்கள். அவருடைய வரிசையில் தனியாக வருகிற இன்னொருவர் யார் என்பது வாயிலில் நிற்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கொடுக்க முடியுமா என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எண்ணைச் சுழற்றுங்கள். கோல் கீப்பர் யார் என்று கேட்பார், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.